எனக்கென்ன என்பதை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது?

2007 செப்டம்பர் 29. டோக்கியோவில் ஒரு புதுப்படம் வெளியாகும் நாள். நடிகர்கள் மேடையேறி ரசிகர்களுக்கு நாலு வார்த்தை சொல்லும் வழக்கமான நிகழ்ச்சி. நாயகி சவாஜிரி எரிகா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். படப்பிடிப்பின்போது குழுவினருக்காக அவரே குக்கீஸ் செய்து எடுத்து வந்திருந்தார். என்ன நினைத்துக்கொண்டு அதைச் செய்தீர்கள் என்று தொகுப்பாளர் கேட்டார். “பெட்சுனி” என்று பதில் வந்தது. ஏறத்தாழ நம் “ஒண்ணுமில்ல” மாதிரி. தொலைக்காட்சிகள் அந்தச் சில விநாடிகளைத் திரும்பத் திரும்பக் காட்டின. அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. இன்றும் அந்த ஊரில் அவர் பெயரை எடுத்தால் அந்தச் சொல்லும் கூடவே வருகிறது.

அவர் யாரையும் திட்டவில்லை. ஆர்வமில்லாததைக் காட்டினார், அவ்வளவுதான். இதற்கு ஏன் இத்தனை கொந்தளிப்பு என்று வெளியாட்களுக்குத் தோன்றும். அக்கறையின்மையைக் காட்டும் ஜப்பானியச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் காரணம் பிடிபடும். அவற்றில் பல, சொல்பவரின் மனநிலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. “இதற்கும் எனக்கும் தொடர்பு கிடையாது” என்று உறவின் தூரத்தைத்தான் அறிவிக்கின்றன. மேடையில் நின்றுகொண்டு அப்படி அறிவித்தால், கேட்பவர் தன்னைத் தள்ளிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

“பெட்சு” என்றால் தனி, வேறு. “பெட்சுனி” என்று தொடங்கினால் பின்னால் ஓர் எதிர்மறை வர வேண்டும்: “தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை.” முழு வாக்கியமாகப் பணிவான வினைமுற்றோடு சொன்னால் மேலாளரிடம்கூடச் சொல்லலாம். வாலை வெட்டி, தலையை மட்டும் வீசும்போதுதான் அது சுடுகிறது. பள்ளியிலிருந்து வந்த பதின்வயதுப் பிள்ளையிடம் “இன்னைக்கு என்ன நடந்தது?” என்று அம்மா கேட்டால் கிடைக்கும் பதிலும் இதுவே. “கோபமா?” என்ற கேள்விக்குக் காதலி “பெட்சுனி” என்றால், கோபம்தான்.

அதே 2007-இல் இன்னொரு சொற்றொடர் நாடு முழுக்கக் கேட்டது. நீச்சல் ஜட்டி மட்டும் போட்டுக்கொண்டு மேடைக்கு வரும் நகைச்சுவைக் கலைஞர் கொஜிமா யோஷியோ, தனக்கு நேர்ந்த ஏதாவது அவமானத்தைச் சொல்லிவிட்டு, கையை ஓங்கி ஓங்கி இறக்கியபடி “சொன்னா நோ கன்கேய் நே!” என்று கத்துவார். “அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல!” குழந்தைகள் எல்லாம் அதைச் செய்து காட்டின. ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் புதுச்சொல் – புகழ்ச்சொல் விருதின் முதல் பத்தில் அது இடம்பிடித்தது. “டொன்கன்ர்யோகு” என்ற சொல்லும் அந்தப் பத்தில் இருந்தது. எதையும் உறைக்காமல் விடும் திறன் என்று பொருள். ஒரு நடிகை உறைக்காததுபோல் நின்றதற்காக வாட்டி எடுக்கப்பட்ட அதே ஆண்டில் உறைக்காமல் இருப்பது ஒரு திறமையாகவும் கொண்டாடப்பட்டது! முரண்தான். ஆனால் கொஜிமா சிரிக்க வைத்தது தன் கஷ்டத்தோடு தனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லி. எதிரே நிற்பவரோடு சம்பந்தமில்லை என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை.

“கன்கேய்” என்றால் தொடர்பு, உறவு. “நை” என்றால் இல்லை; தமிழ்க் காதுக்கு அது “நாய்” என்றே விழும், முதலில் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். “வதஷி நி வா கன்கேய் நை” என்றால் எனக்கு இதில் சம்பந்தமில்லை. இந்தக் “கன்” என்ற எழுத்துக்கு அடிப்படைப் பொருள் சுங்கச்சாவடி போன்ற எல்லை வாயில். டோக்கியோவைச் சுற்றியுள்ள கன்தோ வட்டாரத்தின் பெயரிலும் அதே எழுத்துதான்: வாயிலுக்குக் கிழக்கே உள்ள நிலம். அக்கறையைக் குறிக்கும் “கன்ஷின்”, சம்பந்தப்படுவதைக் குறிக்கும் “ககவாரு” இரண்டிலும் இதே எழுத்து. ஆர்வம் என்பதற்கு “க்யோமி” என்று தனிச்சொல் இருக்கிறது. கால்பந்து பிடிக்காது, பழைய நாணயம் சேர்ப்பதில் ஈடுபாடில்லை என்பதெல்லாம் க்யோமி இல்லாத கணக்கு. அரசியல், சமூகம், அடுத்தவர் துன்பம் போன்றவற்றில் ஒட்டாமல் இருப்பது கன்ஷின் இல்லாதது; அதைத்தான் “முகன்ஷின்” என்று கண்டிப்பார்கள்.

இந்தக் கன்ஷின் ஒரு பிரதமரையே சிக்கலில் மாட்டிவிட்டிருக்கிறது. 2000 ஜூன் 25 பொதுத்தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு, நீகாதாவில் பேசிய பிரதமர் மோரி யோஷிரோ, இன்னும் யாருக்கு வாக்கு என்று முடிவு செய்யாதவர்கள் 40 சதவீதம் அளவுக்கு இருக்கிறார்கள், அவர்கள் தேர்தலில் அக்கறையில்லை என்று படுத்துத் தூங்கிவிட்டால் நல்லதுதான், ஆனால் அப்படி நடக்காதே என்கிற பொருளில் சொன்னார். அக்கறை இல்லாதவர்களைக்கூட அந்தப் பேச்சு கொஞ்சம் உசுப்பியிருக்கும். 271 இடங்களோடு தேர்தலுக்குப் போன அவருடைய லிபரல் ஜனநாயகக் கட்சி 233-க்கு இறங்கியது. பேச்சு ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜப்பானிய அரசியலின் நாக்குத் தவறல்களைப் பட்டியலிடும் எவரும் இதை விடமாட்டார்கள்.

சரி, மொழி படிக்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். “எனக்குத் தெரியாது” என்பதற்கு ஜப்பானியத்தில் இரண்டு வழி. “ஷிரிமசென்” ஒன்று, “வகரிமசென்” இன்னொன்று. பாடப்புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே பொருள் போட்டிருக்கும். அலுவலகத்தில் மேலாளர் “யமதா எங்கே?” என்று கேட்கும்போது “ஷிரிமசென்” என்று சொல்லிப் பாருங்கள். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் “அவர் எங்கே போனால் எனக்கென்ன” என்ற தொனி அதில் ஏறிவிடும். “வகரிமசென்” என்றால், யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை என்று ஆகும். இன்னும் நயமாக, “தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்று முடிப்பதே வழக்கம். ஜப்பானிய நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகும் நம் ஊர் பொறியாளர்கள் பணிவான வினைமுற்றைச் சரியாகப் போட்டும் முரட்டுத்தனமாக ஒலிப்பது இங்கேதான்.

“ஷிரு” என்ற இந்த வினைக்குப் பழைய ஜப்பானியத்தில் ஆள்வது, உரிமையாக வைத்திருப்பது என்ற பொருளும் இருந்தது. பேரரசர் நாட்டை ஆள்வதற்கு இதிலிருந்து பிறந்த உயர்வினை ஒன்றையே பயன்படுத்தினார்கள். இன்றைக்கு அந்தப் பொருள் யார் நினைவிலும் இல்லை. ஆனாலும் “ஷிரு கா!” என்று ஒருவன் கத்தும்போது, அறிவு இல்லாததைப் பற்றியா பேசுகிறான்? “இது என் பொறுப்பா என்ன?” என்றுதான் கேட்கிறான். “ஷித்த கோதோ கா” என்பதும் அதே வகை. ஒசாகா பக்கம் இதை “ஷிரன் கா நா” என்று இழுப்பார்கள். அங்கே அது பாதி நகைச்சுவை, எரிச்சல் மீதிப் பாதி. “நேத்து கனவுல உங்க வீட்டுப் பூனை வந்துச்சு, ஏன்?” என்று நண்பன் கேட்டால் அதற்கு வேறு என்ன பதில் சொல்வது.

காதலர் சண்டையில் வரும் “மோ ஷிரனை!” என்பதை அகராதிப்படி எடுத்துக்கொண்டால் கதை கந்தல். “இனி எனக்குத் தெரியாது”, அதாவது “எப்படியோ போ”. அப்படிச் சொன்னவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். “கத்தே நி ஷிரோ”, உன் இஷ்டப்படி செய், என்று அப்பா சொன்னால் அது அனுமதியும் அல்ல. அனுமதி கிடைத்துவிட்டது என்று கிளம்பும் மகன் திரும்பி வரும்போது கதவு திறக்காமலும் போகலாம். உண்மையிலேயே அக்கறை இல்லாதவர்கள் இந்தச் சொற்களை இவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

சாப்பாட்டு மேசையில் நடப்பது வேறு கதை. “இன்று என்ன சமைக்கட்டும்?” என்ற கேள்விக்கு “நன்தெமோ ஈ”, எதுவானாலும் சரி, என்று சொல்வது ஜப்பானியக் கணவர்களைப் பற்றிய நிரந்தரக் குற்றச்சாட்டு. விட்டுக்கொடுப்பதாகத்தான் அவர் நினைக்கிறார். யோசிக்கிற வேலையைத் தன் தலையில் கட்டுவதாக மனைவிக்குப் படுகிறது. இதைவிட நுணுக்கமான பொறி ஓர் இடைச்சொல்லில் இருக்கிறது. “கரே கா ஈ” என்றால் கறிச்சோறுதான் வேண்டும். “கரே தெ ஈ” என்றால் கறிச்சோறே போதும். ஓரெழுத்து மாறினால் விருப்பம் சகிப்பாகிவிடும். தமிழில் “வேணும்”, “போதும்” என்று இரண்டு சொல்லால் நாம் காட்டும் வித்தியாசத்தை அவர்கள் இந்தச் சிறு ஒட்டில் வைத்திருக்கிறார்கள். அதனால் அது வாயிலிருந்து தெரியாமல் நழுவுவதும் எளிது.

“தோ தெமோ ஈ” என்பது இந்தக் குடும்பத்திலேயே மிகக் கடுமையானது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் “எப்படியிருந்தாலும் சரி” என்ற அப்பாவித் தொடர்தான். பயன்பாட்டில் “அதெல்லாம் ஒரு விஷயமா?” என்பதற்குச் சமம். ஒருவர் ஆர்வமாக எதையோ சொல்லும்போது இதைச் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் தன் பேச்சைத் தானே தாழ்த்திக்கொள்ள இதுவே உதவும். “தோ தெமோ ஈ ஹனஷி தெசு கெதோ”, முக்கியமில்லாத விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன் என்று தொடங்கினால் பணிவு. அடுத்தவர் பேச்சின் மேல் போட்டால் அவமதிப்பு.

எனக்குப் பிடித்த சொல் “கமவு”. பொருட்படுத்துவது, கவனிப்பது, வம்புக்கு இழுப்பது எல்லாம் அதில் அடங்கும். எதிர்மறையில் “கமவனை” என்றால் பரவாயில்லை, எனக்கு ஆட்சேபணை இல்லை. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில் நீதிபதி ஒருவரைத் தண்டனையின்றி விடுவிக்கும்போது “ஒகமை நஷி” என்பார். சட்டம் உன்னைத் தொடாது என்று அர்த்தம். இப்போது அதே தொடர் ஊர் என்ன சொன்னாலும் கண்டுகொள்ளாமல் நடப்பவனைக் குறிக்கிறது. விருந்துக்குப் போன வீட்டில் வீட்டுக்காரர் டீ போட எழுந்தால், வந்தவர் “ஒகமை நகு” என்று தடுப்பார். எனக்காகச் சிரமப்பட வேண்டாம் என்பது மரியாதை. போன வேலை முடியும் முன் டீ எப்படியும் வந்துவிடும்.

இந்தச் சொல்லைத் துணியிலேயே அச்சடித்தவர்கள் உண்டு. அரிவாளின் படம், வளையத்தின் படம், அதன்பின் “நு” என்ற எழுத்து. அரிவாள் ஜப்பானியத்தில் “கமா”, வளையம் “வா”. சேர்த்துப் படித்தால் “கமவனு”, எதையும் பொருட்படுத்தேன். 17-ஆம் நூற்றாண்டில் எடோ நகரின் முரட்டு இளைஞர்கள் உயிரைப் பற்றிக் கவலையில்லை என்று மார்தட்டுவதற்காக இந்த வடிவம் போட்ட உடையை உடுத்தினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கபுகி நடிகர் ஏழாம் இச்சிகவா தன்ஜூரோ மேடையில் அதை அணிந்ததும் ஊரெல்லாம் அதே துணி. போட்டி நடிகர் மூன்றாம் ஒனோஎ கிகுகோரோ சும்மா இருப்பாரா? கோடரி, கோதோ என்ற நரம்பு வாத்தியம், செவ்வந்திப்பூ மூன்றையும் சேர்த்து “யொகி கோதோ கிகு”, நல்ல சேதி கேட்பேன், என்று படிக்கும்படி தன் துணியில் போட்டார். கமவனு வடிவம் இன்றும் கைத்துண்டுகளிலும் யுகதா என்ற கோடைக்கால உடையிலும் விற்பனையாகிறது. ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே உடுத்தும் உடையில் “எனக்கு எதைப் பற்றியும் கவலையில்லை” என்று போட்டுக்கொள்வதில் உள்ள வேடிக்கை அந்த இளைஞர்களுக்குப் புரிந்திருக்குமா, தெரியவில்லை.

இந்த வீறாப்புக்கு ஒரு பிற்கால வாரிசும் உண்டு. 1972 ஜனவரியில் புஜி தொலைக்காட்சியில் “கொகரஷி மொன்ஜிரோ” தொடர் ஆரம்பித்தது. வாயில் நீளமான பல்குச்சியோடு ஊர் ஊராகத் திரியும் சூதாடி. யார் உதவி கேட்டாலும் “இது எனக்குச் சம்பந்தமில்லாத விவகாரமுங்க” என்கிற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நகர்வான். கடைசியில் எப்படியும் அதில் மாட்டிக்கொள்வான் என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த வாக்கியம் நாடு முழுக்கப் பரவியது. நேரமும் பொருந்தியது. 1960-களின் இறுதியில் பல்கலைக்கழகங்களை உலுக்கிய மாணவர் போராட்டம் ஓய்ந்திருந்தது. மிச்சமிருந்த தீவிரக் குழு ஒன்று 1972 பிப்ரவரியில் அசமா மலைவிடுதியில் பணயக்கைதியோடு பத்து நாள் அடைந்து கிடந்ததை நாடே நேரலையில் பார்த்து வெறுத்துப்போயிருந்தது. அப்போதைய இளைஞர்களுக்கு “ஷிரகே” தலைமுறை என்று பெயர் விழுந்தது. நிறம் வெளுத்துச் சப்பென்று போனவர்கள். ஊக்கமில்லை, அக்கறையில்லை, பொறுப்பில்லை என்று மூன்று “மு”-க்களை அடுக்கி அவர்களுடைய போக்கை “சம்முஷுகி” என்று பெரியவர்கள் திட்டினார்கள். பின்னால் 2010-களில், கார் வேண்டாம், பதவி உயர்வு வேண்டாம் என்று இருந்த இளைஞர்களுக்கு “சதோரி” தலைமுறை என்று பெயர் வைத்தபோது தொனி கொஞ்சம் மென்மையானது. சதோரி என்றால் ஞானம். திட்டா பாராட்டா என்று சொல்லவே முடியாத பட்டம்.

சரி, நாகரிகமாக ஆர்வமில்லை என்று சொல்ல வேண்டியவர் என்ன செய்வார்? குறையைத் தன் மேல் போட்டுக்கொள்வார். சக ஊழியர் தனக்குப் பிடித்த பேஸ்பால் அணியைப் பற்றி அளந்துகொண்டிருந்தால் “க்யோமி நை” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “எனக்கு அதில் அவ்வளவு விவரம் போதாது” என்பார்கள். “உதோஇ” என்று ஒரு சொல் உண்டு: எனக்கு அந்த உலகம் தூரம். வயதில் மூத்தவரிடம் “ஃபுபென்க்யோ தெ”, நான் சரியாகப் படிக்கவில்லை, என்றும் சொல்லலாம். பிடிக்கவில்லை என்பதற்குப் பதிலாக “நிகதே”, எனக்கு வராது, என்பதும் இதே உத்தி. எதிராளியின் ஆர்வத்துக்கு ஒரு கீறல்கூட விழாது. அழைப்புகளை மறுப்பதற்கு ஒசாகாவில் புகழ்பெற்ற வாக்கியம் “இகெதரா இகு”, வர முடிந்தால் வருகிறேன். அவருக்கு நாற்காலி போட வேண்டியதில்லை.

இந்த நாகரிகத்தில் ஓட்டை ஒன்று இருக்கிறது. வீட்டு வாசலுக்கோ தொலைபேசியிலோ வரும் விற்பனையாளரிடம் “கெக்கோ தெசு” என்பது வழக்கமான மறுப்பு. கெக்கோ என்றால் நன்று, போதுமானது. கோயில்களுக்குப் பெயர்போன நிக்கோ ஊரைப் பார்க்காமல் கெக்கோ என்று சொல்லாதே என்று பழமொழியே உண்டு. “நன்று” என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டதாகச் சொல்லிப் பொருளை அனுப்பிவைக்கும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் நுகர்வோர் மையங்கள் “ஈ தெசு”, “கெக்கோ தெசு” போன்ற வழுவழுப் பதில்களைத் தவிர்த்து “இரிமசென்”, வேண்டாம், என்று தெளிவாகச் சொல்லும்படி மக்களுக்கு அறிவுரை தருகின்றன. தெளிவாக மறுத்தவரிடம் வீடு தேடி வந்த விற்பனையாளர் மேலும் வற்புறுத்தக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது.

சொல்லே இல்லாமலும் ஆர்வமின்மை தெரிந்துவிடும். ஜப்பானியர் கேட்கும்போது சும்மா இருப்பதில்லை. இடையிடையே “ஹை”, “ஏ”, “சோ தெசு நே” என்று போட்டுக்கொண்டே இருப்பார்கள். இதற்கு “ஐசுச்சி” என்று பெயர்; இரண்டு கொல்லர்கள் மாற்றி மாற்றிச் சம்மட்டி அடிப்பதிலிருந்து வந்தது. நம் கதை கேட்கும் “உம்” கொட்டலேதான். இதில் “ஹே” என்று நீட்டினால் வியப்பு. 2002 முதல் 2006 வரை ஓடிய ஒரு துணுக்குச் செய்தி நிகழ்ச்சியில், நடுவர்கள் பொத்தானை அழுத்தி ஹே-க்களை எண்ணி மதிப்பெண் போடுவார்கள்: ஆளுக்கு அதிகபட்சம் 20, ஐந்து பேருக்கு 100. “ஃபூன்” என்று இறங்கினால் பாதிக் காதுதான் உங்களிடம் இருக்கிறது. “அ, சோ” என்று வெட்டினால் முடிந்தது. அந்த “அ, சோ”-வுக்கு ஒரு பெரிய விதிவிலக்கும் உண்டு. போருக்குப் பின் 1946 முதல் 1954 வரை நாடு சுற்றிய பேரரசர் ஹிரோஹிதோ, மக்கள் எதைச் சொன்னாலும் “அ, சோ” என்றே பதில் சொன்னார். மக்கள் அதைக் கேலியும் பாசமும் கலந்து நடித்துக் காட்டினார்களே ஒழிய, அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. பேரரசர் சாமானியனுக்குப் பதில் சொல்வதே அப்போது அதிசயம்.

கைப்பேசி வந்தபின் உம் கொட்டாதது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. 2011 ஜூனில் வந்த லைன் செயலியில், செய்தியைத் திறந்தவுடன் “கிதொகு”, படித்தாயிற்று, என்று அனுப்பியவருக்குத் தெரியும். படித்தும் பதில் போடாததற்குப் “கிதொகு சுரூ” என்று பெயர் வந்தது. கண்டுகொள்ளாமல் கடந்துபோவது சுரூ. ரசிகர்களிடம் ஒட்டாமல் நடந்துகொள்ளும் பாடகியரின் போக்கு “ஷியோ தைஓ”, உப்புக்கவனிப்பு. எப்போதும் கவனம் கேட்டு நச்சரிப்பவருக்குக் கமவு-விலிருந்தே “கமத்தே சான்” என்று பெயர்.

ஒசாகாக்காரர்களின் “ஷிரன் கெதோ” 2022-இல் நாடு முழுக்கப் பரவிப் புகழ்ச்சொல் பட்டியலின் முதல் பத்தில் இடம்பிடித்தது. ஒரு விஷயத்தை அடித்துச் சொல்லிவிட்டுக் கடைசியில் இதை ஒட்டுவார்கள்: “அந்தக் கடை அடுத்த மாசம் மூடுறாங்க. ஷிரன் கெதோ.” எனக்குத் தெரியாதுப்பா என்று பொறுப்பைக் கழற்றி வைப்பது. இதற்கும் ஷிரன் கா நா-வுக்கும் ஒரே வேர்தான், ஆனால் வேலை நேரெதிர்: அது பேச்சை வெட்டும், இது மேலே பேசலாம் என்று வழிவிடும். டோக்கியோ இளைஞர்கள் ஃபேஷனுக்காக இதைச் சொல்ல ஆரம்பித்தபோது, இடம் தெரியாமல் ஒட்டுகிறார்கள் என்று ஒசாகாவில் சலித்துக்கொண்டவர்களும் உண்டு. அலுவலகக் கூட்டத்தில் மட்டும் இதை முயற்சி செய்ய வேண்டாம். அங்கே “வகரிமசென், பார்த்துச் சொல்கிறேன்” என்பதே நல்லது.